முகூர்த்தத்துக்கு இரண்டு ஸ்பெல்லிங்

1

இந்தக் கதை எனக்கு ஒரு எச்சரிக்கை வரியிலிருந்து கிடைத்தது. சொன்னவள் இளமதி, திருக்கோகர்ணத்தில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் எழுதுகிறவள். 'மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தப் பகலில்—' [அடித்துவிட்டேன். நல்ல வெயில் என்கிறாள்.]

2

அறந்தாங்கியில் மலையாண்டியின் கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் வெப்சைட் எழுதியது அவள்தான். அன்று சர்வரில், அந்த வெப்சைட் எழுதப்பட்ட பிஹெச்பி மொழியின் புதுப் பதிப்பை ஏற்றினாள். வரிசையாக எச்சரிக்கைகள்: அறிவிக்கப்படாத பிராப்பர்ட்டி.

[புரோகிராம் எழுதாதவர்களுக்கு: கிளாஸ் என்பது புரோகிராமில் ஒரு பெட்டி மாதிரி. அது என்னென்ன விவரங்களை, அதாவது பிராப்பர்ட்டிகளை, வைத்திருக்கும் என்று அதன் தலையிலேயே பெயர் சொல்லி அறிவித்துவிட வேண்டும். பழைய பிஹெச்பி தாராளம். அறிவிக்காத பெயரை நடுவில் எழுதினாலும் பேசாமல் சேர்த்துக்கொள்ளும். புதியது முணுமுணுக்கிறது.]

மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், முகூர்த்த நாள் என்று ஒவ்வொன்றாக அறிவித்தாள். ஒரு வரி மட்டும் அடங்கவில்லை. உற்றுப் பார்த்தாள். முகூர்த்தத்தை ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் ஹெச் போட்டும் இன்னோரிடத்தில் ஜி போட்டும் எழுதியிருந்தாள். ஆன்லைனில் வந்த நாள் ஜி பெயரில் போய் உட்கார்ந்தது. காலியா என்று சோதிக்கும் இடமோ ஹெச் பெயரைப் பார்த்தது. அங்கே நாளே இல்லை. ஆகவே மண்டபம் எப்போதும் காலி!

புக்கிங்குகளைப் புரட்டினாள். ஆவணியில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம். பத்திரிகை அடித்திருப்பார்களே.

3

'வீரய்யா துண்டை உதறிக்கொண்டு—' [சண்டை ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். அந்த மனிதர் ஒத்துழைக்கவில்லை.]

"அண்ணே, தப்பு எம்மேலதான்" என்று மலையாண்டியிடம் போனில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அவர் இரண்டு வீட்டாரையும் மண்டபத்துக்கு வரவழைத்திருந்தார்: பெண்ணைப் பெற்ற வீரய்யா, மகனுக்கு முடிக்கும் கறம்பக்குடி அழகம்மாள்.

"எங்களுக்கு காலைல ஆறு மணி முகூர்த்தம்" என்றார் வீரய்யா.

"எங்களுக்குப் பத்தரை" என்றார் அழகம்மாள்.

சொன்ன கையோடு சிரித்தும்விட்டார்.

"அப்பறம் என்னங்கண்ணே? தாலியக் கட்டிட்டு நீங்க அங்கிட்டு எறங்குங்க, நாங்க இங்கிட்டு ஏறிக்கிறோம். மேளத்த மட்டும் விட்டுட்டுப் போங்க."

"எங்க போறது? மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருப்போம்ல. சமையல ஒண்ணாப் போட்ருவோம்" என்றார் வீரய்யா.

இளமதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தாயி, நீ ரெண்டு கல்யாணத்துக்கும் வந்துறணும்" என்றார் அழகம்மாள்.

4

வந்தாள். இரண்டு ஜோடிக்கும் அட்சதை போட்டாள். இப்போது பந்தி வாசலில் நிற்கிறாள். வலப்பக்கம் வீரய்யா, "இங்கிட்டு எலை காலியா இருக்கு" என்கிறார். இடப்பக்கம் அழகம்மாள் கையையே பிடித்து இழுக்கிறார். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இன்னொரு பக்கம் கோபித்துக்கொள்ளும்.

நான் உட்கார வைக்க மாட்டேன். நீங்களே வையுங்கள், சீக்கிரம், பாயசம் வந்துகொண்டிருக்கிறது.