எண்ணெய்த் தீ

செவ்வாய்க்கிழமை காலை ஆலை கேன்டீனில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. வியாழக்கிழமை மதியம் சமையற்காரர் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

மறுநாள் காலை, கூடத்தில் கிடத்தியிருந்தவரின் காலடியில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. அப்போது தீயணைப்பு அதிகாரி வாசலில் பூட்ஸைக் கழற்றுவது தெரிந்தது. கொழுந்தன், முன்கையில் கட்டோடு, அண்ணனின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு அதே ஆலையின் காகிதக் கிடங்கில் வேலை. போன வருடம் அங்கே பிடித்த தீயை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஒற்றை ஆளாக அணைத்தவன். "என் தம்பி பக்கத்துல பீடி பத்த வைக்காதீங்க, நனைஞ்சிடுவீங்க" என்று அண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனவன், தீயைக் கண்டதும் வாளியைத் தூக்கினான். அண்ணன் மூடியோடு சட்டியின் மேல் குனிந்த அதே நொடியில், எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீரை வீசினான்.

"சட்டி தானா வெடிச்சுதுன்னு சொல்லிடு. தம்பி தாங்க மாட்டான்," என்று ஆஸ்பத்திரியில் அவர் அவளிடம் சொல்லியிருந்தார். அவளும் கொழுந்தனிடம் அப்படியே சொல்லிவிட்டாள்.

கொழுந்தன் எழுந்து வந்தான். "சார், அவ்வளவு தண்ணி ஊத்தியும் ஏன் சார் அணையல?"

"இப்ப எதுக்கு தம்பி அதெல்லாம்?" என்றாள் அவள். "சார், நீங்க உக்காருங்க."

அதிகாரி உட்காரவில்லை. "காகிதம், கட்டை, துணின்னா தண்ணி சரிப்பா. கரண்ட்னா முதல்ல மெயினை அணைக்கணும். எண்ணெய்க்குத் தண்ணியே ஆகாது. அடியில போய் ஆவியாகி, எரியற எண்ணெயை அப்படியே தூக்கி எறியும். மூடி போட்டு மூடணும்." அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அந்த அடுப்புல வேற ஒருத்தர் நிப்பாரு. சொல்லாம இருக்க முடியல."

"அண்ணன் மூடியோடதான் வந்தாரு," என்றான் அவன்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும். உங்க அண்ணனுக்கும் தெரியும். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

அவன் வாசலை நோக்கி நடந்தான். துக்கத்துக்கு வந்திருந்த கிடங்கு ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வெளியே சுடுகாட்டுக்குப் போக வண்டி வந்து நின்றிருந்தது.

"எங்க போற?" அவள் குரல் உயரவில்லை. "உங்க அண்ணன் கனம். அடுத்தவங்க கையில விட்டுட்டுப் போயிடுவியா?"

நிலைப்படிவரை போனவன் திரும்பி உள்ளே வந்தான்.

நான்கு பேர் தூக்கினார்கள். தலைப்பக்கம் தம்பி பிடித்தான். மதியத்துக்கு முன்பே வண்டி புறப்பட்டது.