கூரையில் நிற்காத பூனை

"பூனை மறுபடியும் விழுந்துடுச்சு அண்ணி" என்று நாத்தனார் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தபோது, அவள் நாற்காலியை விட்டு எழவேயில்லை. அந்த வாரம் முழுக்க இதே பல்லவி.

கூரைக்குக் கூரை தாவும் ஒரு பூனை விளையாட்டை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நகர்வு, மோதல், நேரக் கணக்கு எல்லாவற்றையும் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, பார்த்துக்கொண்டது. அவளுடைய கணினியில் பூனை பரம சாது. நாத்தனார் விளையாடினால் மட்டும் கூரையைத் துளைத்துக்கொண்டு காணாமல் போனது.

"நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை. சும்மாதான் நின்னுச்சு, பொசுக்குன்னு போயிடுச்சு."

மோதலுக்குத் தான் கொடுத்த அளவுகளை மாற்றிப் பார்த்தாள். கூரையைத் தடிமனாக்கினாள். ஈர்ப்பு விசையைக் குறைத்தாள். பூனை பஞ்சு மாதிரி மிதந்துவிட்டு அப்புறம் விழுந்தது. கணவன் எட்டிப் பார்த்து, "லைப்ரரியில ஏதாவது இருக்குமோ?" என்றான்.

"ஊரே அதைத்தான் பயன்படுத்துது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா ஆயிடும்" என்று வெடுக்கென்று சொன்னாள்.

கடைசியில் பொறுமை போய், நாத்தனாரின் முதுகுக்குப் பின்னாலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பூனை இரண்டு கூரை தாவியது. திரையின் மூலையில் தோழியின் செய்தி ஒன்று வந்தது. நாத்தனார் விளையாட்டு விண்டோவின் மேல்பட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்து, பிடித்த பிடியை விடாமலே செய்தியைப் படித்துச் சிரித்தாள். பிறகு விட்டாள். பூனை இல்லை.

"இதை ஏன் சொல்லலை?"

"எதை?"

"விண்டோவை இழுத்ததை."

"அதெல்லாம் ஒரு விஷயமா அண்ணி?"

அவள் நேராகப் போய் லைப்ரரியின் நிரலைத் திறந்து படித்தாள். விண்டோவைப் பிடித்திருக்கும்வரை விளையாட்டு உறைந்து நிற்கிறது. கடிகாரம் மட்டும் ஓடுகிறது. பிடியை விட்டதும், ஓடிய நேரம் மொத்தத்தையும் ஒரே தவணையில் பூனையின் தலையில் கட்டுகிறது. பூனை ஒரே எட்டில் கூரைக்குக் கீழே போய்விடுகிறது. நடுவில் கூரை இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு எட்டுக்கு இவ்வளவு நேரம்தான் என்று ஒற்றை வரியில் வரம்பு வைத்தாள். பூனை நின்றது. சந்தோஷம் வரவில்லை, இந்த ஒரு வரிக்காகவா ஒரு வாரம் போனது என்று அழுகைதான் முட்டியது. லைப்ரரி எழுதியவருக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினாள். மதியமே பதில் வந்தது: இது பிழையில்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறோம்.

கடைசியில் அவளும் கூடத்தைக் கோணல் என்று சொன்னவளாகிவிட்டாள்; அதைக் கணவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்போ இனிமே இழுக்கலாமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"இழு. ஆசை தீர இழு."