நடுவில் நிற்பவர்

ஊதாப் பூச்சரங்கள் தண்ணீரைத் தொடும் வளைந்த மரப்பாலத்தின் நடுவில் ஓகினு நிற்கிறாள், குடை விரித்தபடி, நாகூர் ஆண்டவர் சாட்சி, இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும், நாகப்பட்டினத்தில் வெங்காயக் கப்பலுக்குள் கண்ணயர்ந்தவன் விழித்தபோது யோகோஹாமாவில் இருந்தேன், நான் சுத்தமான ஜப்பானிய மொழிதான் பேசினேன், ஜப்பானியருக்குத்தான் விளங்கவில்லை, ஓகினு ஒருத்திக்கு விளங்கியது, ஹிராய்வாவின் படக்கடையில் அவள் படங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவள், நான் படப்பெட்டி சுமக்கிறவன், அறுவடை முடிந்ததும் எங்களுக்குக் கல்யாணம் என்று பேச்சு, ஹிராய்வா எடுப்பது இரட்டைப் படம், ஒரு காட்சியை எடுத்து, பெட்டியைக் கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் நகர்த்தி மறுபடி எடுப்பார், இரண்டையும் ஓர் அட்டையில் ஒட்டிக் கண்ணாடி வழியே இரு கண்ணாலும் பார்த்தால் பாலம் எழுந்து நிற்கும், பூவைக் கையால் விலக்கத் தோன்றும், ஒற்றைக் கண்ணுக்கு அது வெறும் அட்டை.

அன்று முன்னால் படகுக்காரர் தமெகிச்சி, நடுவில் ஓகினு, பின்னால் நான், அப்போதுதான் ஆழம் தெரியுமாம், அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், மூன்று பேராய்ப் படமெடுத்தால் நடுவில் நிற்பவர் முதலில் சாவார் என்பது அந்த ஊர் நம்பிக்கை, அதற்கென்றே நாலாவது ஆளாகக் கையில் கொடுக்கும் மரப்பொம்மை அன்று கடையிலேயே தங்கிவிட்டது, நாளைக்கு எடுக்கலாமே ஐயா என்கிறாள், நாளைக்குப் பூ இருக்காது பெண்ணே, நில் என்கிறார் ஹிராய்வா, கவலைப்படாதே தங்கச்சி, நீ போனால் உன் மாப்பிள்ளைக்கு நான் வேறு பெண் பார்க்கிறேன் என்கிறார் தமெகிச்சி திரும்பாமலே, முதல் படம் ஆயிற்று, ஹிராய்வா பெட்டியை நகர்த்திப் படத்தட்டு மாற்றக் குனிகிறார், நான் அவளைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் குடையோடு நடுவில் நின்றேன், அசடே, நீ செத்தால் நான் என்ன செய்வேன் என்று என் முதுகில் அழுகிறாள், அதையேதான் நானும் கேட்கிறேன் என்றேன், அசையாதீர்கள் என்று கத்திய ஹிராய்வா எங்களைப் பார்க்கவில்லை, படமெடுக்கையில் அவர் பார்ப்பது கடிகாரத்தை மட்டும், இரண்டாவதும் ஆயிற்று.

கெட்டுப்போன படம் என்று அட்டையை என் மேல் எறிந்தார், இடப் படத்தில் நடுவில் அவள், வலப் படத்தில் நடுவில் நான், சாவுக்கே குழப்பம், யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் எங்கள் வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போனது, தமெகிச்சி போனார், ஹிராய்வா போனார், போன மாசியில் அது ஒருவழியாக முடிவுக்கு வந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டது, நான் எத்தனை முறை குறுக்கே போய் நின்றும் என்னை அது பார்க்கவில்லை, இப்போதும் விடிந்ததும் கண்ணாடியை முகத்தில் வைக்கிறேன், பூச்சரங்கள் விலகுகின்றன, பாலம் எழுகிறது, அதன் நடுவில் ஒரே குடைக்கு அடியில் அவள் முகமும் என் முகமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது யாருடையதென்று பிரிக்க முடியாமல் நிற்கிறோம்.

மூன்று வயதில் பெரியம்மை கண்டதில் எனக்கு இடக்கண் போய்விட்டது.