சட்டைப் பையில் ஒரு வயர்

லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பெனியில் வைத்த பெயர் கேரண்டி. நட்டு முடுக்கியாச்சா என்று கேட்டால் கேரண்டி. எண்ணெய் விட்டாச்சா என்றாலும் கேரண்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஆள் வாய்ச்சவடால் பேர்வழி என்று நினைத்துவிட வேண்டாம். இத்தனை வருஷத்தில் அவன் கைவைத்த லிஃப்ட் எதுவும் யாரையும் கீறியதுகூட இல்லை.

அவன் மனைவி நேர் எதிர். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

"நீ பூட்டினத நீயே நம்பலைன்னா, பூட்டு என்ன பண்ணும், பாவம்" என்று அவன் கிண்டலடிப்பான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டான். துவைக்க எடுத்தவள் பையைத் துழாவி, இரு முனையிலும் கிளிப் வைத்த சாண் நீளச் சிவப்பு வயரை வெளியே எடுத்தாள்.

"நான் வெச்சது அப்படியே இருக்கே. தேவைப்படலையா?"

"நீ வெச்சதா?"

"போன தடவ துவைக்கும்போது எடுத்து வெச்சிருந்தேன். தேடுவீங்களேன்னு காலைல இந்தச் சட்டையில போட்டேன். பாக்கலையா நீங்க?"

பார்க்கவில்லை. வாய்க்குப் போன டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

கதவு மூடியிருந்தால்தான் லிஃப்ட் நகர வேண்டும். பழுது பார்க்கும்போது மட்டும், மூடியிருக்கிறது என்று அதை ஏமாற்ற, மொட்டைமாடி மெஷின் ரூமில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டியில் அந்த வயரை மாட்டுவார்கள். கழற்ற மறந்தால், கதவு ஆவென்று திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பிவிடும். அதற்காகவே கேரண்டி ஒரு வழக்கம் வைத்திருந்தான். கழற்றிய வயர் சட்டைப் பைக்குப் போகும். கட்டிட வாசலைத் தாண்டும்முன் பையைத் தட்டிப் பார்ப்பான். பையில் இருந்தால் பெட்டியில் இல்லை. இன்றும் தட்டினான், இருந்தது. ஆனால் இன்று பெட்டியில் மாட்டியது டூல் பையிலிருந்து எடுத்த வேறொரு வயர்.

கழற்றியது நன்றாக ஞாபகம் இருந்தது. கிளிப் கட்டைவிரலைக் கிள்ளியது. பக்கத்து மாடியில் யாரோ ஈரத்துணியை உதறினார்கள். ஆனால் அது இன்றைக்கா, நேற்றைக்கா? கிளிப் தினமும்தான் கிள்ளுகிறது. எந்த மாடியில் துணி உதறாமல் இருக்கிறார்கள்?

கூட வேலை செய்யும் மச்சினனுக்குப் போன் போட்டான். கழற்றியதை எடுத்த இடத்திலேயே போட்டிருக்கலாம்; டூல் பை அவனிடம்தான் இருந்தது.

"மாப்ள, பையில சிவப்பு வயர் இருக்கா பாரு."

"ஒரு கொத்தே கெடக்கு மாமா. எத்தன இருந்துச்சுன்னு யாரு எண்ணினா?"

"இன்னைக்கு நான் கழட்டினேனா?"

"என்ன மாமா கேள்வி இது? நான் பக்கத்துலதானே நின்னேன். என் கண்ணால பாத்தேன்."

அடுத்து, இன்று வேலை பார்த்த கட்டிடத்து வாட்ச்மேன். "சூப்பரா ஓடுதுங்க! காலைல அடிக்கடி நின்னுச்சே, அதுக்கப்புறம் ஒரு தடவகூட நிக்கல."

வயர் உள்ளேயே இருந்தாலும் லிஃப்ட் இப்படித்தான், நிற்காமல் ஓடும். யாரையும் ஏறவிடாதீங்க என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். இரண்டாவது மாடிப் பெண்குழந்தை மனசை அரித்தது. அப்பா ஷூ மாட்டி முடிக்கும் வரை, ஒரு காலை லிஃப்டுக்குள்ளும் ஒரு காலை வெளியேயும் வைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காலையில் அவனே பார்த்துச் சிரித்தான். ஒவ்வொரு சிக்னலும் அவனுக்கென்றே சிவப்பானது. கழட்டினேன், கழட்டலை, கழட்டினேன். ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது.

போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் ஒரு காருக்கு கேட் திறந்துகொண்டிருந்தார். லிஃப்ட் பக்கம் ஈ காக்கை இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கே படியில் ஓடுவதை அவர் வாயைப் பிளந்து பார்த்தார். இரண்டாவது மாடியில் அந்தக் குழந்தை நின்றுகொண்டிருந்தது, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"பாப்பா, வெளிய வா" என்று கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினான். இழுத்த வேகத்தில் அது அழத் தொடங்கியது. சமாதானம் சொல்ல நேரமில்லை. மேலே ஓடினான்.

ரூமைத் திறந்து, மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்தான். வயர் இருந்தது.

பயத்தைவிட ஒன்று அவனைப் பிடித்து உலுக்கியது. மாட்டியபடியே இருக்கும் வயரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், அதைக் கழற்றிய ஞாபகம் துளிகூடக் கலையவில்லை. விரலில் கிள்ளல், காதில் துணி உதறும் சத்தம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது.

கழற்றிப் பையில் போட்டான். மெயினைப் போட்டுவிட்டு, இரண்டாவது மாடிக் கதவைத் திறந்து பிடிக்கச் சொல்லி வாட்ச்மேனுக்குப் போன் செய்து, லிஃப்டை ஓட்டிப் பார்த்தான்.

"நகரலைங்க" என்றார் வாட்ச்மேன்.

"நல்லா பாத்தீங்களா?"

"நகரவே இல்லைங்க."

மச்சினன் கூப்பிட்டான். "என்ன மாமா, இல்லதானே? நான்தான் சொன்னேனே."

"இருந்துச்சு மாப்ள."

"இல்ல மாமா, நான் என் கண்ணால பாத்தேன்."

"நானுந்தான் பாத்தேன்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

ரூமைப் பூட்டிவிட்டு இறங்கினான். மூன்றாவது மாடியில் கால் தானாக நின்றது. பையைத் தொட்டான். மனைவி வைத்ததை அவளே எடுத்துவிட்டாள், ஆக இது இப்போது கழற்றியதுதான். கதவைத் திறந்து பார்த்தும் ஆயிற்று. எல்லாம் சரி. காலையிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கைப்பிடியில் சாய்ந்து கீழே குரல் கொடுத்தான். "அண்ணே, அந்தக் கதவ இன்னொரு தடவ திறந்து பிடிங்க."

"இப்பத்தானே பாத்தோம்?"

"பாத்தோம்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி மேலே ஏறினான்.