வெற்று நீரில் காரீயம்

மனைவிக்குப் புதுக் கருவி கிடைத்த அன்று அடுப்புக்காரர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். தான் மட்டும் தொடவில்லை. சர்க்கரை ஆகாது என்றார். சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை, சுத்தமான வயிற்றெரிச்சல்.

குடிநீர் சோதிக்கும் அந்த ஆய்வகத்தில் அவர்தான் மூத்தவர். தண்ணீரைச் சுடரில் தூவி உலோகங்களை அளக்கும் பழைய கருவியோடு இத்தனை வருடம் மாரடித்ததால் அடுப்புக்காரர் என்று பெயர். புதுக் கருவி பிளாஸ்மாவில் எரித்து அணுக்களையே எடைவாரியாகப் பிரித்து எண்ணும். குளத்தில் ஒரு சிட்டிகை கரைந்திருந்தாலும் பிடித்துவிடும். அது தன் பொறுப்பில்தான் வரும் என்று அவர் மச்சினன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். பெரியவர், அதாவது தலைமை ஆய்வாளர், இவரை ஒரு வார்த்தை கேட்காமல், அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இவர் மனைவியை அங்கே உட்கார வைத்துவிட்டார்.

"இளையவங்க கையில இருக்கட்டும்" என்றாராம். அன்று மாலையே மச்சினன் போன் பண்ணினான். "மாமா, அக்கா கலக்கிட்டாங்களே."

"ஆமாப்பா, ரொம்ப சந்தோஷம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, நேராகக் கடைக்குப் போய்த் தலைச்சாயம் வாங்கினார். தினமும் தடவினால் யாருக்கும் தெரியாமல் மெல்லக் கறுக்கும் வகை. ஊரார் குடிக்கும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று வாழ்நாளெல்லாம் துருவிய மனிதர், தன் தலையில் தடவுவதில் என்ன இருக்கிறது என்று புட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பிறகு புதுக் கருவியின் அறைக்கு அடிக்கடி போகத் தொடங்கினார். உதவி செய்கிறாராம். தலையைக் கோதிக்கொண்டே குழாய்களின் மூடியைத் திறந்து, அமிலம் சரியாக ஊற்றியிருக்கிறாளா என்று பார்ப்பார்.

"கையுறை போட்டுக்கோங்க."

"நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீ எங்க இருந்த?"

அவள் ஒரு ஜோடி கையுறையை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அதுவும் அவருக்கு எரியும்.

அங்கே தினமும் முதலில் வெற்று மாதிரியை ஓட்டுவார்கள். தூய நீரும் அமிலமும் மட்டும். கருவி அதில் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் அன்றைய அளவெல்லாம் குப்பை. மனைவியின் வெற்று மாதிரியில் காரீயம் தெரிய ஆரம்பித்தது. குழாயை மாற்றினாள், அமிலத்தை மாற்றினாள், போகவில்லை. அடுப்புக்காரருக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. சாப்பிட்ட கையோடு பெரியவரிடம் போனார்.

"வீட்டுக்காரின்னு பார்க்காம சொல்றேன் சார். அவளுக்கு இன்னும் கை பழகல."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். சரியாகலைன்னா நீங்க எடுத்துக்கோங்க."

வியாழக்கிழமை வீட்டில் அவர் சீட்டியடித்துக்கொண்டே பாத்திரம் கழுவினார். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க வராத அன்னைக்கு வெற்று மாதிரி சுத்தமா இருக்கு. வந்துட்டுப் போனா காரீயம். அதான் உங்க தலகாணி உறையில ஒரு துண்டு வெட்டி, அமிலத்துல கரைச்சு ஓட்டினேன். அவ்வளவு காரீயம், கருவி திணறிப்போச்சு." சாயப் புட்டியை அவரிடம் நீட்டினாள். அவர் ஈரக்கையோடு இப்போதுதான் திருப்பிப் படித்தார். பொடி எழுத்தில் காரீய அசிட்டேட் என்று இருந்தது.

"பெரியவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. என்னைப் பத்தி நீங்கதானே போய்ச் சொன்னீங்க. இதையும் நீங்களே சொல்லுங்க."

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. "சொல்லலைன்னா?"

"கருவியை நீங்க எடுத்துக்கோங்க. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன்."

அவர் யோசித்தார். தலையை நன்றாக அலசிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும். வெற்று மாதிரி சுத்தமாகும், கருவி கைக்கு வரும், சரிசெய்தவர் என்ற பேரும் வரும். ஆனால் ஒவ்வொரு நாளும் அது அவள் போட்ட பிச்சையாக இருக்கும். அதை நினைத்தபோது முன்பு எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. வெள்ளிக்கிழமை காலை பெரியவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நேர்மைக்காரர் என்று ஒரு வார்த்தையாவது வராமலா போகும் என்று ஒரு நப்பாசை.

பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தலகாணி உறையை வெட்டிக் கண்டுபிடிச்சாங்களா? என்ன மூளைய்யா அது. மத்த ஆய்வகத்துக்கெல்லாம் அவங்களையே அனுப்பிப் பாடம் எடுக்கச் சொல்லணும்."

அடுப்புக்காரர் வெளியே வந்தார். நடையில் மனைவி நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். உன்னைத்தான் பாராட்டுறார்."

"நீங்க?"

"எனக்கு வயிறு எரியுது" என்றார், முதல் தடவையாக ஒளிக்காமல்.

அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அது தெரியும். அதுக்கு அப்புறம்?"

அடுப்புக்காரர் வாயைத் திறந்தார். நல்லதாக ஒரு வார்த்தை தேடினார், அகப்படவில்லை. அவள் கருவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.