காசிராஜன் இரும்பான விவரம்

ஆமத்தூர் காசிராஜன் தன் அறுபதாவது பிறந்தநாளன்று காலை பத்தேகால் மணிக்கு இரும்பானார். சிவகாசியில் முப்பத்தாறு வருடமாக அவர் ஓட்டிவந்த அச்சு மெஷினுக்குப் பக்கத்தில், நின்றவாக்கிலேயே ஆனார்.

காலண்டர் சீசனுக்கு முன்னால் அந்தப் பிரஸ்ஸுக்கு ஜெர்மனியிலிருந்து பிறந்தநாள் அட்டை ஆர்டர் வந்திருந்தது. வாசகங்கள் இங்கிலீஷில் இருந்தன, எல்லாம் வயதைப் பற்றிய கேலி. ஜெர்மனில் எழுத மல்லாங்கிணறு பிரீத்திகாவைப் பிடித்தார்கள். நர்ஸ் வேலைக்காக அந்தப் பாஷை படித்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்தவள். சொல்லுக்குச் சொல் போட்டால் அங்கே ஒருத்தனும் சிரிக்க மாட்டான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அனுபவம் பத்தாத இளசுக்குக் காதுக்குப் பின்னால் இன்னும் ஈரம் காயவில்லை என்பான் இங்கிலீஷ்காரன். ஜெர்மன்காரனுக்கு அதே இடம் பச்சை. வயதானவர் இங்கிலீஷில் குன்றைத் தாண்டிப் போவார், ஜெர்மனில் பழைய இரும்போடு சேர்ந்துவிடுவார். நடுவயதுக்காரர்கள் மட்டும் அங்கே 'சிறந்த வருடங்களில்' இருக்கிறார்களாம்.

வினை மஞ்சளால் வந்தது. கல்யாணப் பத்திரிகை அடித்துப் பெரிதான பிரஸ் அது. முதல் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஒருவர் கையில் கொடுப்பார்கள். அச்சடித்தது பலிக்கும் என்று நம்பிக்கை. பிறந்தநாள் அட்டைக்கு மஞ்சள் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. 'பச்சை' அட்டையைக் காசிராஜன் மஞ்சள் தடவி முதலாளி சூர்யபிரகாஷ் கையில் கொடுத்தார். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து நாலே மாதம் ஆனவர் சூர்யபிரகாஷ். மதியத்துக்குள் அவர் காதுக்குப் பின்னால் வெந்தயக்கீரை துளிர்த்தது. கிள்ளக் கிள்ள வளர்ந்தது. அட்டைதான் காரணம் என்று அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அறுபது முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்பது அவர் போட்ட முதல் சட்டம். மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் மூன்று மாதம் தாங்க மாட்டேன் என்று காசிராஜன் மனைவி முருகம்மாளிடம் அழுதிருந்தார். பிறந்தநாள் சாயங்காலம் வழியனுப்பு விழா. காலையில் 'பழைய இரும்பு' அட்டையின் முதல் தாள் வந்தது. அறுபது என்றால் நம் பக்கம் கல்யாணம், மஞ்சள் இல்லாமல் முடியுமா? முதலாளியே தடவி, "இந்தாங்க அண்ணாச்சி, உங்களுக்கு ஏத்தது" என்று நீட்டினார்.

கையும் கழுத்தும் அசைந்தன, பேச்சு இருந்தது, பசியும் இருந்தது. கால் மட்டும் பெயரவில்லை. எட்டுப் பேர் தள்ளினார்கள், ஜாக்கி வைத்தார்கள். கிரேன் உள்ளே வரச் சுவரை இடிக்க வேண்டும். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம் என்று முதலாளி எரிச்சலில் சொன்னபோது முருகம்மாள் பின்னால் நின்றிருந்தார்.

"போடுங்க தம்பி. மொதல்ல ஒங்க காதுக்குப் பின்னால இருக்க கீரைய ஆஞ்சு குடுங்க, நான் கொளம்பு வைக்கேன்."

அடுத்த வாரம் பிரீத்திகா 'சிறந்த வருடங்கள்' அட்டையின் முதல் தாளில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்தாள். கையில் வாங்கினால் பழையபடி சதையாகிவிடலாம். காசிராஜன் யோசித்தார்.

"சதையாயிட்டா வீட்டுக்குத்தான போகணும், தாயி?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி காதுக்குப் பின்னால் கீரையைக் கிள்ளிக்கொண்டே ஆபீசுக்குள் போய்விட்டார்.

"அப்பம் அத எம் பொண்டாட்டிகிட்ட குடு. முட்டிவலியில ரொம்பச் செரமப்படுதா."

முருகம்மாள் வாங்கிக்கொண்டார். அன்றோடு முட்டிவலி போனது, தலையும் பாதி கறுத்தது. புருஷன் வீட்டுக்கு வரமாட்டார் என்று தெரிந்து கொஞ்ச நேரம் அழவும் செய்தார்.

ஆர்டர் கப்பலேறியது. பிரீத்திகாவுக்கு விசா வந்து அவளும் போய்விட்டாள். காசிராஜன் அதே இடத்தில் மெஷின் ஓட்டுகிறார். கீழே விழும் ஆணிகள் இப்போதெல்லாம் தொலைவதில்லை, அவர் வேட்டியில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. முருகம்மாள் தினமும் ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் தூக்குவாளியோடு வருகிறார். ஐப்பசி பிறந்துவிட்டால் துருப்பிடிக்காமல் இருக்க அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸுக்கு லீவு. அன்றைக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.