இன்னொரு வீட்டில் ஒரு பிரதி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒட்டுக்கேட்ட கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையொன்றில் ஹார்ட் டிஸ்க் வாங்க நின்றிருந்தேன். எழுதியதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்ற ஞானம் எனக்கு அன்றுதான் வந்திருந்தது. எனக்கு முன்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி, லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் கடைக்காரரிடம், "ரெண்டாவத எங்க வைக்கிறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் போல எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு டிஸ்க்குக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கேட்டது அவ்வளவுதான். மீதி முழுக்க என் சொந்தச் சரக்கு. அவருடைய தொழில், தங்கை, சண்டை, பஸ் பயணம் எல்லாம் நான் கட்டியது. அந்த ஒரு நிமிடத்துக்குள் என்ன ஓடியிருக்கும் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு பாடு.

2

தொடக்கம் கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

"லேப்டாப்புக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மீண்டும் வந்தபோது அவள் உறைந்து" — வேண்டாம். பேய் வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

"நினைவு என்பதுதான் என்ன? ஆதி மனிதன் குகைச் சுவரில்" — இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கண்டதும் நினைவைப் பற்றித் தத்துவம் பேசத் தோன்றும். பேசினால் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

"அவளுக்கு நான்கு டெராபைட் வேண்டும்." இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அவளுக்கு நான்கு டெராபைட் வேண்டும். [இனி இவள் அக்கா. ஒரே ஒரு தங்கை இருக்கிறாள்.] அக்காவின் தொழில் எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போடுவது. பள்ளிக்கூடச் சட்டைப்பையின் சின்னம், ஹோட்டல் துண்டின் மூலையில் இருக்கும் எழுத்து, குழந்தை கவுனில் இருக்கும் வாத்து. இவற்றைத் திரையில் வரைந்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு தையலாக மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டும். பதினோரு வருட வேலை ஒரே லேப்டாப்பில் இருந்தது. அந்த லேப்டாப் இரண்டு வாரமாக உள்ளே 'டக் டக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. அது நின்றுபோனால் அக்காவின் பிழைப்பும் நின்றுபோகும்.

கடைக்காரருக்கு அந்தத் தெருவில் 'வாரண்டி' என்று பெயர். பேனா வாங்கினாலும் பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லுகிறவர்.

"நாலு டெராபைட்டு எதுக்கும்மா? அப்படி என்ன இருக்கு?"

"என் வேலை பூரா இருக்கு. பதினோரு வருஷம்."

வாரண்டி லேப்டாப்பை வாங்கித் திறந்து, ஃபோல்டரைச் சொடுக்கிப் பார்த்தார். முப்பத்தெட்டு ஜி.பி.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான். அதுலயும் பாதி போட்டோ."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. கழுத்து வலி, கண்ணாடி, இழந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சேர்ந்து டிஸ்க்கின் ஓரத்தைக்கூட நிரப்பவில்லை. [அக்காவைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என் இருபது வருட எழுத்து இருநூற்றுப் பன்னிரண்டு எம்.பி.]

"பாருங்கம்மா," என்றார் வாரண்டி. "ஒரு டெராபைட்டுக்கு எவ்வளவு விழுதுன்னு பாத்தா நாலுதான் சல்லிசு. ஆனா ரெண்டு பேருக்குச் சமைக்க யாராவது அண்டா வாங்குவாங்களா? அதே காசுல ஒரு டெராபைட்டா ரெண்டு எடுங்க."

"எஸ்.எஸ்.டி. நல்லதுன்னு சொன்னாங்களே?"

"நல்லதுதான். கீழ விழுந்தாத் தாங்கும், வேகமா ஏறும். ஆனா விலை கூட. நீங்க வாரம் ஒரு தடவ மேசைல வச்சு ஏத்தப் போறீங்க. அதுக்குச் சுத்துற டிஸ்க்கே போதும், கீழ மட்டும் போட்டுராதீங்க. அப்புறம், பதினாறு டெராபைட்டு கால் விலைன்னு ஆன்லைன்ல காட்டுவான். வாயப் பொளந்துக்கிட்டு வாங்கிராதீங்க. உள்ள நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு ஒட்டி வச்சிருப்பான். இது மூணு வருஷ வாரண்டி."

"அப்போ மூணு வருஷத்துக்குப் பயமில்ல."

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. டிஸ்க்கு போச்சுன்னா புது டிஸ்க்கு தருவான். உள்ள இருந்தத யாரு தருவா? அதான் ரெண்டு வாங்கச் சொல்றேன். ஒண்ணு உங்க வீட்டுல, ஒண்ணு இன்னொரு வீட்டுல. தீயோ திருடனோ வந்தா ஒரு வீட்டுக்குத்தானே வரும்?"

"ரெண்டாவத எங்க வைக்கிறது?"

இதுதான் நான் கேட்ட வரி. இதற்குப் பின்னால்தான் அந்த ஒரு நிமிடம்.

[இணையத்தில் ஏற்றிவைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அங்கே ஏற்றிவிட்டால் இந்தக் கதை மூன்றாம் பகுதியோடு முடிந்துவிடும். ஆகவே அக்கா, முன்பின் தெரியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்காத ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

4

எங்கே வைப்பது?

எதிர் வீட்டில் வைக்கலாம். ஆனால் தீக்குத் தெருவைத் தாண்டத் தெரியும். சீருடை ஆர்டர் தரும் வாடிக்கையாளர் தங்கமானவர், ஆனாலும் அது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி. தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு கேம் ஏற்றிவிடுவார்கள். வாரண்டியே, "என் டிராயர்ல வேணா வைங்களேன்" என்றார். அந்த டிராயரில் செத்த பேட்டரிகளும் பிரித்த பிஸ்கட் பொட்டலமும் கிடந்தன.

கீழே போடாமல், யாருக்கும் காட்டாமல், உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்து பத்திரமாக வைத்திருக்கக்கூடிய ஆள் ஒருத்திதான். பஸ்ஸில் நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கிறாள். அவளோடு பேச்சு நின்று நான்கு வருடமாகிறது.

முதல் ஏழு வருடம் இருவரும் சேர்ந்தே தொழில் செய்தார்கள். அக்கா முன் அறையில் வரைவாள், தங்கை பின் அறையில் மெஷின் ஓட்டுவாள். தனியாகக் கடை போடுகிறேன் என்று தங்கை சொன்ன அன்று, அக்கா பெரிய மனதோடு மெஷினையே தூக்கிக் கொடுத்தாள். தங்கை ஒன்றுதான் கேட்டாள்.

"டிசைன்லயும் ஒரு காப்பி குடுக்கா."

"வரைஞ்சது நானு. நீ தச்சே, அவ்வளவுதான்."

தங்கை வாதாடவில்லை. மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

5

[இந்த இடத்தில் சண்டையை விரிவாக எழுதினேன். பாத்திரம் பறந்தது. இரண்டு பக்கம். அடித்துவிட்டேன். இந்த மாதிரிச் சண்டைகளில் பாத்திரம் பறப்பதில்லை.]

6

அக்கா முதலில் எல்லாவற்றையும் அப்படியே டிஸ்க்கில் ஏற்றினாள். ஒரு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு 'டக்'குக்கும், இன்னும் எவ்வளவு பாக்கி என்று திரையைப் பார்த்தாள். ஏற்றி முடித்த பிறகு, டிஸ்க்கில் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். இடம் தாராளமாக இருந்தாலும் அவளுக்குக் குப்பையோடு குடிபோகப் பிடிக்காது.

பார்த்தால், சேர்ந்து தொழில் செய்த காலத்து டிசைன் ஒவ்வொன்றும் இரண்டு தடவை இருந்தது. வாத்து, வாத்து 2. மணி, மணி 2. '2' எல்லாம் தங்கை சேமித்தவை. மெஷினில் ஒரு தடவை தைத்துப் பார்த்துவிட்டு முன் அறைக்கு வந்து, "தள்ளுக்கா, ஒரு நிமிஷம்" என்று எதையோ தட்டிவிட்டுப் போவாள். அக்கா அந்த நேரத்தில் டீ போடப் போவாள்.

எதை அழிப்பது? இரண்டு வாத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பெரிதாக்கினாள். அவளுடைய வாத்தின் கண் நல்ல வட்டம். தங்கையின் வாத்துக்கண் ஒரு பக்கமாக நீண்டிருந்தது. தையல் ஓடும் திசையில் நூல் துணியை உள்ளே இழுக்கும். திரையில் வட்டமாக இருந்தால் துணியில் சப்பையாகிவிடும். எவ்வளவு இழுக்கும் என்று மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவளுக்குத்தான் தெரியும்.

அக்கா மடமடவென்று மற்றவற்றையும் திறந்தாள். வாடிக்கையாளருக்குப் போனது, துணியில் ஏறியது, பெயர் வாங்கித் தந்தது எல்லாமே '2'. தங்கை போன பிறகு வந்த டிசைன்களையும் பார்த்தாள். அவற்றில் 2, 3, 4 என்று ஏறி, ஒரு சிங்கம் ஒன்பதில் போய் நின்றிருந்தது. தங்கை ஒரே திருத்தத்தில் சரிசெய்ததை இவள் எட்டுத் திருத்தத்தில் எட்டிப் பிடித்திருந்தாள்.

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. இதை நாசூக்காகச் சொல்ல நிறைய முயன்றேன். வெட்கம்தான்.

எதையும் அழிக்காமல் இரண்டாவது டிஸ்க்கிலும் அப்படியே ஏற்றினாள்.

7

முடிவு அ: இரண்டாவது டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுகிறாள். தங்கையிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திரு என்கிறாள். தங்கை திறக்க முடியாத ஒரு பெட்டியை அலமாரியில் வைத்துக்கொள்கிறாள். வாசகர்கள் அக்காவைத் திட்டுவார்கள்.

முடிவு ஆ: பூட்டாமலே கொடுக்கிறாள். தங்கை திறந்து பார்க்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், வெளியே மழை — மழையை உடனே நிறுத்திவிட்டேன். அழுகையை நிறுத்த முடியவில்லை.

இரண்டையும் என் மனைவியிடம் கொடுத்தேன். பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வெளியே பளபளப்பாக இருக்கும் எதையும் நம்ப மாட்டாள்.

"எது நல்லாருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான். இதுல அக்கா கருமி, அதுல அக்கா வள்ளல். தங்கச்சி ரெண்டுலயும் வாசல்ல கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா. அவளுக்கு ஒரு வாய் வைக்கலையா நீங்க?"

"நாலாம் பகுதில பேசறாளே."

"பேசல, கேக்கறா. அவளோடத அவளே கேக்கறா."

எண்ணிப் பார்த்தேன். அதுவரை வாரண்டிக்கே ஒரு பிரசங்கம் கொடுத்திருந்தேன். தங்கைக்கு ஒரு வரி கொடுத்திருந்தேன், நடுவில் "தள்ளுக்கா" என்று ஒரு துணுக்கு. வரைந்தவள் பக்கமே உட்கார்ந்துகொண்டு, திருத்தியவளைப் பின் அறையில் நிறுத்தி வைத்திருந்தேன். அக்கா ஏழு வருடம் செய்ததை நான் ஏழு பகுதியில் செய்துவிட்டேன். எனக்கும் வெட்கமாக இருந்தது.

8

ஆகவே, திரும்ப.

அக்கா டிஸ்க்கைப் பூட்டத்தான் செய்தாள். பழக்க தோஷம். கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி, நாலாக மடித்து, அதையும் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சீட்டு எதற்கு என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

தங்கையின் வீட்டு வாசல்வரை மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மணியை அழுத்தியதும் அது நின்றது. கதவைத் திறந்தவளின் முழங்கையில் பச்சை நூல் ஒட்டியிருந்தது. இருவரும் முதலில் பார்த்தது மற்றவளின் நரையை.

அக்கா வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "லேப்டாப் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. எல்லாத்தையும் டிஸ்க்குல ஏத்திட்டேன். ஒண்ணு இன்னொரு வீட்டுல இருக்கணும்னு கடைக்காரர் சொன்னார். அதான்..."

தங்கை டிஸ்க்கைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"நான் சரி பண்ணி வச்சதும் இருக்கா?"

"எல்லாமே இருக்கு. ஒண்ணுகூட அழிக்கல. அந்த வாத்து... நீ பண்ணதுதான் சரி. எனக்கு முந்தாநாள்தான் தெரிஞ்சுது."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. இத எனக்குக் குடுக்க வந்தியா? இல்ல, என்கிட்ட வச்சுட்டுப் போக வந்தியா?"

இதற்குப் பதில் எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன்.

அக்கா சொன்னாள், "உனக்குத்தான்டி. இதுல பாதி உன்

அக்கா சொன்னாள், "இப்போதைக்கு வச்சுக்கோ, அப்புறமா

அக்கா

முதலாவது, நான் நல்லவன் என்று உங்களிடம் காட்டிக்கொள்ள எழுதியது. இரண்டாவது, இந்த மாதிரி இடங்களில் நான் நிஜமாகவே சொல்லியிருப்பது. மூன்றாவதுக்குப் பிறகு கை ஓடவில்லை. அக்கா, நாலாக மடித்திருந்த சீட்டை எட்டாக மடித்தாள்.

"வாசல்லயே நின்னு யோசிக்காதக்கா," என்றாள் தங்கை. "உள்ள வந்து யோசி."

கதவை அகலத் திறந்துவிட்டு அவள் முன்னால் நடந்தாள். அக்கா பின்னாலேயே போனாள்.

எனக்குத் தெரிந்தது இதுவரைதான். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கொடுத்தாள் என்றோ வைத்துவிட்டு வந்தாள் என்றோ. ஒரே ஒரு நிபந்தனை. எழுதியதை முதலில் தங்கையிடம் காட்டுங்கள். அவள் தள்ளச் சொன்னால் தள்ளி உட்காருங்கள். டீ போட எழுந்து போகாமல், அவள் என்ன மாற்றுகிறாள் என்று கூடவே இருந்து பாருங்கள்.